பெயர் வேறு, வழி வேறு

அன்புள்ள தம்பிக்கு,

போன பௌர்ணமி அன்று மாலை ஏழு மணிக்கு நீ அனுப்பிய செய்தி எனக்குப் பத்தரைக்குத்தான் வந்து சேர்ந்தது. "அண்ணா, நெட் போச்சு, சர்வரும் போச்சு, என்னென்னவோ பண்ணிட்டேன்." செங்கம் சாலை முழுக்க ஜனம். கிரிவலம் போகிறவர்களின் செல்போன்கள் எல்லாம் நாலைந்து டவர்களையே மொய்த்துக்கொண்டிருந்த நேரம். செய்தி வந்து சேர்ந்ததே பெரிது. மறுநாள் காலை நீ வேலை பார்க்கும் விடுதிக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன அறையில் உன் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்ல நினைத்ததில் பாதிகூட அப்போது சொல்லவில்லை. வரவேற்பு மேசையில் ஆட்கள் காத்திருந்தார்கள், உனக்கும் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அதனால் எழுதுகிறேன். ரமணா நகரிலும் பெரும்பாக்கம் சாலையிலும் உன்னைப் போல ஒற்றை ஆளாகச் சர்வரைக் காத்து நிற்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும் என்று எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

அன்று நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஆறரை மணிக்கு ஃபைபர் இணைப்பு போனது. மொட்டை மாடி மேலே தொங்கும் ஒயரைக் குரங்கு இழுத்திருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். எப்படியோ ஒன்பது மணிக்கு அது தானாகவே சரியாகிவிட்டது. ரவுட்டரின் பதிவில் நேரம் தெளிவாக இருந்தது. ஆனால் உன் சர்வருக்கு மறுநாள் காலை வரை நெட் வரவில்லை. நடுவில் நீ ரவுட்டரை அணைத்துப் போட்டாய், சர்வரை ரீஸ்டார்ட் செய்தாய், டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றினாய், பிறகு டீஃபால்ட் ரூட்டை அழித்துவிட்டு மறுபடி கையால் சேர்த்தாய். வந்த கோளாறு ஒன்பது மணிக்கே போய்விட்டது. காலையில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து அவிழ்த்தது, நீ போட்ட முடிச்சுகளை.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பதற்றத்தில் கை முந்துவது எல்லோருக்கும் நடக்கிறது, எனக்கும் நடந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். நீ நான்கு வைத்தியம் செய்தாய். ஆனால் "எங்கே வலிக்கிறது" என்று அந்த இயந்திரத்தை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. லினக்ஸ் சர்வரிடம் கேட்டால் சொல்லும். அதனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்: எதையும் மறைக்காது, கேட்கிற விதத்தில் கேட்டால் போதும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, பெயர் கெட்டதா, வழி கெட்டதா என்பது. "நெட் போச்சு" என்ற இரண்டு சொல்லுக்குள் இந்த இரண்டு வியாதியும் ஒளிந்திருக்கின்றன. இரண்டுக்கும் மருந்து வேறு. வெளியூர்க்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி "ரமணாசிரமம் எங்கே" என்று கேட்கிறார். செங்கம் சாலையில், அக்னி லிங்கம் தாண்டி, சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமத்துக்கு அடுத்து என்று யாராவது சொன்னால் அது பெயருக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்துக்கு இன்றைக்கு ஆட்டோ போகுமா, சாலையை அடைத்திருக்கிறார்களா என்பது வேறு சங்கதி. இடம் தெரிந்தும் போய்ச் சேர முடியாமல் இருக்கலாம். சாலை திறந்திருந்தும், யாரோ தப்பான இடத்தைச் சொன்னதால் எங்கேயோ போய் நிற்கலாம்.

சர்வரில் இதைப் பிரித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். பெயரை விட்டுவிட்டு வெளியே உள்ள ஒரு எண்ணைப் பிங் செய்து பார். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் வழி நன்றாக இருக்கிறது, டிஎன்எஸ் பக்கம் போ. எண்ணுக்கே பதில் இல்லை என்றால் டிஎன்எஸ் கோப்பைத் தொடவே தொடாதே. அன்று ஏழு மணிக்கு நீ இந்த ஒரு பிங் அடித்திருந்தால் டிஎன்எஸ்ஸை மாற்றியிருக்க மாட்டாய். சில இடங்களில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள், அதனால் ஒரு எண்ணை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைப் பார். பிங் என்ற இந்தச் சின்ன நிரலை 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், தன் நெட்வொர்க்கில் ஏதோ வினோதமாக நடக்கிறதே என்று கண்டுபிடிப்பதற்காக ஒரே மாலையில் எழுதி முடித்தார். நாற்பது வருடம் தாண்டியும் முதலில் கை போவது அதனிடம்தான்.

வழி கெட்டது என்று தெரிந்தால் பக்கத்திலிருந்து தொடங்கு. கேபிள் சொருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா, கார்டுக்கு ஐபி எண் இருக்கிறதா, கேட்வே பதில் சொல்கிறதா என்று ஒவ்வொரு வாசலாகக் கடந்து போ. கேட்வே பிங்குக்குப் பதில் தராவிட்டாலும் 'ஐபி நெய்' என்று அடித்துப் பார். அந்த எண்ணுக்கு எதிரே வன்பொருள் முகவரி வந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். 'ஃபெயில்டு' என்றிருந்தால் கேபிளையும் சுவிட்சையும் பார்; உலகத்தின் மறு கோடியில் இருக்கும் டிஎன்எஸ்ஸைப் பற்றி அப்போது யோசிக்க வேண்டியதில்லை.

உன் சர்வரில் இதைவிடச் சூட்சுமமான ஒன்று இருந்தது. இந்த ஊரில் நிறைய வீடுகளிலும் விடுதிகளிலும் இது இருக்கிறது என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். ஃபைபர் போனால் சிம் ரவுட்டர் கைகொடுக்கும் என்று உன் முதலாளி இரண்டு இணைப்பு வைத்திருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு ரவுட்டரும் கடையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. ஃபைபர் ரவுட்டரின் எண் 192.168.1.1, சிம் ரவுட்டரின் எண்ணும் 192.168.1.1. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? நீ டீஃபால்ட் ரூட்டை அழித்துவிட்டு '192.168.1.1 வழியாகப் போ' என்று மறுபடி சேர்த்தபோது, எந்தக் கார்டு பக்கமுள்ள 192.168.1.1 என்று சொல்லவில்லை. கெர்னல் தனக்கு முதலில் பொருந்தியதை எடுத்துக்கொண்டது. அது சிம் ரவுட்டர் பக்கம். கிரிவல ராத்திரியில் அந்த டவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு ஃபைபர் திரும்பி வந்தும் உன் பாக்கெட்டுகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் அடித்த முதல் கட்டளை ஞாபகம் இருக்கிறதா? 'ஐபி ரூட் கெட்', பக்கத்தில் 8.8.8.8. ஒரே வரியில் பதில் வந்தது: இந்த கேட்வே வழியாக, இந்தக் கார்டு வழியாக, இந்த எண்ணைத் தன் முகவரியாகப் போட்டுக்கொண்டு வெளியே போவேன் என்று. அதில் கார்டின் பெயரைப் பார்த்ததும் "இது சிம் பக்கம் ஆச்சே" என்று நீயே சொன்னாய். ரூட்டிங் அட்டவணை முழுவதையும் படித்து மனசுக்குள் கணக்குப் போட வேண்டாம், தம்பி. குறிப்பிட்ட ஒரு இடத்துக்குப் போக நீ என்ன முடிவு எடுப்பாய் என்று கெர்னலையே கேட்டுவிடு. நான் இந்த வேலையில் கற்ற கட்டளைகளில் இது ஒன்றைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்னொன்றும் அன்று உன்னைக் குழப்பியது. ஃபைபர் போன பிறகும் சர்வர் ஏன் தானாகச் சிம்முக்கு மாறவில்லை என்று கேட்டாய். கார்டிலிருந்து ரவுட்டர் வரை போகும் மூன்று மீட்டர் கேபிளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அறுந்தது வெளியே எங்கேயோ. தன் கார்டில் உயிர் இருக்கும் வரை லினக்ஸ் அந்த வழியை நல்ல வழி என்றே நம்பும். மெட்ரிக் எண் குறைவாக இருக்கும் ரூட்டைவிட்டு நகராது. ரவுட்டருக்கு அப்பால் உள்ள ஒரு எண்ணை அவ்வப்போது தட்டிப் பார்த்து, பதில் இல்லை என்றால் ரூட்டை மாற்றும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வேண்டும். அதை நாம் எழுதுவோம்.

வழியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள். இரண்டு ரூட் பொருந்தினால் எது குறுகலானதோ, அதாவது எது குறைந்த எண்களைச் சுட்டுகிறதோ, அதுதான் ஜெயிக்கும். மெட்ரிக் எல்லாம் அதற்குப் பிறகுதான். உன் சர்வரில் டாக்கர் இருக்கிறது. அது நிறுவும்போதே 172.17 என்று தொடங்கும் எண்கள் முழுவதையும் தன் உள்பாலத்துக்கு எடுத்துக்கொள்ளும். வேறொரு இடத்தில் அலுவலக நெட்வொர்க்கே 172.17-இல் இருந்தது, டாக்கர் போட்ட அன்று சாயங்காலத்திலிருந்து அங்கிருந்த கணினிகளுக்கு மட்டும் சர்வர் பதில் சொல்லவில்லை, மற்ற எல்லோருக்கும் சொன்னது. இரண்டு நாள் ஃபயர்வாலைத் தோண்டினார்கள். 'ஐபி ரூட் கெட்' கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

இதே விதி 2008 பிப்ரவரி 24 அன்று உலகத்துக்கே யூட்யூபை மறைத்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூட்யூபைத் தடுக்க, அதன் எண்களில் 256 கொண்ட ஒரு துண்டைத் தன்னிடம் இருப்பதாக உள்ளே அறிவித்தது. அறிவிப்பு வெளியே கசிந்தது. யூட்யூப் தன்னுடையது என்று அறிவித்திருந்தது 1,024 எண்கள் கொண்ட பெரிய துண்டு. சின்னத் துண்டு குறுகலானது, ஆகவே உலகம் முழுக்க ரவுட்டர்கள் பாகிஸ்தானை நோக்கித் திரும்பின. இரண்டு மணி நேரம் போல அந்த நிலை. யூட்யூப் என்ன செய்தது தெரியுமா? தானும் 256-ஆக அறிவித்தது, பிறகு அதையும் இரண்டாக உடைத்து 128, 128 என்று இன்னும் குறுகலாக அறிவித்தது. உன் மாடிப்படி அறையில் இருக்கும் கெர்னலும் அதே விதியால்தான் முடிவெடுக்கிறது.

இனி பெயர் பக்கம் வருவோம். அன்று நீ டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றியதில் மறுநாள் என்ன ஆனது? வெளியுலகப் பெயர்கள் எல்லாம் தெரிந்தன, வரவேற்பு மேசைக் கணினியின் பெயர் தெரியவில்லை, பில் அச்சாகவில்லை. அந்தப் பெயரை உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்: மாடியில் இருக்கும் சின்னப் பெட்டியில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க். கூகுளிடம் கேட்டால் "அப்படி ஒரு பெயரே கிடையாது" என்று சத்தியமாகச் சொல்லும். இரண்டாவது வரியில் உள்ளூர்ப் பெட்டியையும் போட்டுத்தானே இருந்தேன் என்றாய். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் டிஎன்எஸ் பதிலே சொல்லாவிட்டால்தான் இரண்டாவதைக் கேட்கும். "இல்லை" என்பதும் ஒரு பதில்தான். அதைக் கேட்டதும் தேடல் முடிந்துவிடும். இரண்டு டிஎன்எஸ் எழுதினால் இரண்டுக்கும் ஒரே விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

'ரிசால்வ் டாட் கான்ஃப்' கோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உன் சர்வரில் அது முதலில் நிஜக் கோப்பாகவே இல்லை, சிஸ்டம்டி ரிசால்வ்டு வைத்திருந்த ஒரு சுட்டி. அதற்குள் 127.0.0.53 என்று இருப்பதைப் பார்த்து யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பயந்தாய். அது உன் சர்வருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் இடைத்தரகர். உண்மையில் அவர் வெளியே யாரைக் கேட்கிறார் என்று தெரிய 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' அடி. கோப்பின் தலையிலேயே கையால் மாற்றாதே என்று எழுதியிருக்கிறது. நீ சுட்டியை அழித்துச் சாதாரணக் கோப்பு வைத்தாய், அதனால் உன் மாற்றம் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும், வேறு எவருக்கும் ஏன் என்று புரியாது. எந்தக் கோப்பையும் திறந்தால் முதல் ஐந்து வரியைப் படி. எழுதியவர்கள் நம்மைப் போன்ற ஆட்களின் ராத்திரியை நினைத்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள்.

அன்று காலை ஒரு கட்டத்தில் நீ எரிச்சலோடு சொன்னாய்: "டிக் அடிச்சா சரியான ஐபி வருது, புரோகிராம் மட்டும் வேற எங்கேயோ போகுது, அண்ணா." நல்ல கவனிப்பு அது. டிக் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும். உன் புரோகிராம் அப்படிக் கேட்காது. அது முதலில் என்எஸ்எஸ்விட்ச் கோப்பைப் பார்த்து, யாரை எந்த வரிசையில் கேட்பது என்று முடிவுசெய்யும். பெரும்பாலும் ஹோஸ்ட்ஸ் கோப்புக்குத்தான் முதல் மரியாதை. புரோகிராமின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' அடிக்க வேண்டும். அடித்தோம். பழைய எண் வந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தால் பதினோராவது வரியில், உனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர், முன்பதிவு சர்வரை மாற்றிய நாளில் தற்காலிகமாக எழுதிய ஒரு வரி. பக்கத்தில் "டெஸ்ட், பிறகு எடுக்கணும்" என்று குறிப்பு. மூன்று வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. பழைய சர்வர் உயிரோடு இருந்த வரை யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சின்னக் கோப்புக்கு ஒரு பூர்வ கதை உண்டு. ஒரு காலத்தில் இணையம் முழுவதற்கும் பெயர்ப்பட்டியல் அப்படியொரு ஒற்றைக் கோப்பில்தான் இருந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினிக்குப் பெயர் வேண்டுமென்றால் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளர் என்ற டிஎன்எஸ் முறையை வகுத்தார். 1987-இல் அது இன்றைய வடிவத்துக்கு வந்தது. இன்றைக்கு அந்த மரத்தின் வேரில் '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே கிளைகள் இருக்கின்றன. அவற்றைத் தேடும்போது உன் சர்வர் பதிவில் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துகள் தெரிந்தால் வைரஸ் என்று நினைக்காதே. தமிழ்ப் பெயர் கம்பியில் போகும்போது போட்டுக்கொள்ளும் உடுப்பு அது.

காலத்தைக் கவனிக்கவும் பழகு. ஒரு இடத்தில் இணையதளம் ஒவ்வொரு தடவையும் திறக்கத் தாமதமாகிறது என்று மாதக்கணக்காக "நெட் ஸ்லோ, நெட் ஸ்லோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னும் வேகமான இணைப்புக்குப் பணமும் கட்டிவிட்டார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஐந்து நொடி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கூட்டத்தால் வரும் தாமதம் ஒரு நேரம் இரண்டு நொடி, ஒரு நேரம் ஒன்பது நொடி என்று ஆடும். துல்லியமாக ஐந்து என்றால் யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள். லினக்ஸில் பெயர் தேடும் நூலகம் ஒரு டிஎன்எஸ் சர்வருக்காகக் காத்திருக்கும் இயல்பான நேரம் 5 நொடி. பட்டியலில் முதலில் இருந்த டிஎன்எஸ் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு தேடலிலும் முதலில் அதைக் கேட்டு, ஐந்து நொடி காத்து, பிறகு இரண்டாவதிடம் போய்க்கொண்டிருந்தது. ஒரு வரியை எடுத்ததும் சரியாகிவிட்டது.

பெயரும் வழியும் வேறு வேறு என்றேன். ஆனால் ஒன்று இன்னொன்றின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வரும், ஜாக்கிரதை. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஒன்பது மணி வாக்கில் வாட்ஸாப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரேயடியாகக் காணாமல் போனது உனக்கு நினைவிருக்கும். விடியற்காலையில்தான் திரும்பி வந்தன. பார்த்தவர்களுக்கு அது டிஎன்எஸ் கோளாறாகத் தெரிந்தது, பெயரைத் தேடினால் பதில் இல்லை. வேர் வேறு இடத்தில். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு இணைப்புகளை எல்லாம் துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் பிழை. தரவு மையங்களை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், "நாமே உடம்பு சரியில்லாமல் இருக்கிறோம்" என்று எண்ணித் தங்களுக்கு வரும் வழிகளைத் தாங்களே உலகத்திலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டன. டிஎன்எஸ் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதை அடையும் சாலைதான் வரைபடத்திலேயே இல்லை. உன் சர்வரில் டிஎன்எஸ் பதில் சொல்லவில்லை என்றால், அந்த டிஎன்எஸ்ஸின் எண்ணுக்கே ஒரு 'ஐபி ரூட் கெட்' கேட்டுவிட்டு மேலே போ.

ட்ரேஸ்ரூட்டை நீ படிக்கும் விதத்தையும் திருத்த வேண்டும். நடுவில் நட்சத்திரம் வந்தால் அங்கே அறுந்துவிட்டது என்கிறாய். அது எப்படி வேலை செய்கிறது என்று பார். கிரிவலப் பாதையில் இந்திர லிங்கத்திலிருந்து ஒருவரை அனுப்பு, கையில் ஒரே ஒரு டோக்கன். ஒவ்வொரு லிங்கத்திலும் ஒரு டோக்கனைக் கொடுக்க வேண்டும். அக்னி லிங்கத்தில் டோக்கன் தீர்ந்ததும் அங்கிருப்பவர் "உங்கள் ஆள் இங்கே நின்றுவிட்டார்" என்று செய்தி அனுப்புகிறார். அடுத்தவரை இரண்டு டோக்கனோடு அனுப்பு, எம லிங்கத்திலிருந்து செய்தி வரும். மூன்று என்றால் நிருதி. இப்படியே வருணன், வாயு, குபேரன், ஈசான்யம் என்று வழியின் படம் முழுவதும் கிடைத்துவிடும். 1987-இல் வான் ஜேக்கப்சன் ட்ரேஸ்ரூட்டில் செய்தது இதைத்தான்; டோக்கனுக்கு டிடிஎல் என்று பெயர். நிருதி லிங்கத்துக்காரருக்குச் செய்தி அனுப்பும் வழக்கமில்லை என்று வை. அங்கே உனக்கு நட்சத்திரம்தான் தெரியும். ஆனால் அடுத்துள்ள வருண லிங்கத்திலிருந்து செய்தி வருகிறது என்றால் ஆள் நிருதியைத் தாண்டித்தானே போயிருக்கிறார்? கடைசி வரை நட்சத்திரமாகவே தொடர்ந்தால் மட்டும் சந்தேகப்படு.

கிரிவலத்தில் போனவர் அதே திசையில் சுற்றித்தான் கோயிலுக்குத் திரும்புகிறார், வந்த வழியே திரும்புவதில்லை. பாக்கெட்டுக்கும் அப்படித்தான். சிம் பக்கமாக உள்ளே வந்த கேள்விக்கு உன் சர்வர் ஃபைபர் பக்கமாகப் பதில் அனுப்பக்கூடும். பதிலின் வழியை அதன் ரூட்டிங் அட்டவணைதான் தீர்மானிக்கிறது. கெர்னலில் ஆர்பி ஃபில்டரைக் கண்டிப்பான முறையில் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: "இவருக்குப் பதில் சொல்ல நான் போகும் வழி வேறு, இவர் எப்படி இந்த வாசலில் வந்தார்" என்று அந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிடும். சாதாரணமாக இதை எந்த லாகிலும் பார்க்க மாட்டாய். டிசிபிடம்ப் காட்டும், ஏனென்றால் அது வாசலிலேயே நிற்கிறது. வந்ததைப் பார்த்துவிடுகிறது, உள்ளே எறிவதற்கு முன்பே. கேள்வி வந்தது தெரிகிறது, பதில் போனது எந்தக் கார்டிலும் தெரியவில்லை என்றால் குற்றவாளி உன் இயந்திரத்துக்குள்தான். கேள்வி வெளியே போனது தெரிகிறது, பதிலே வரவில்லை என்றால் ஆளை வெளியே தேடு. டிசிபிடம்பில் ஓடும் வரிகளைக் கண்டு பயப்படாதே. போர்ட் 53 என்று வடிகட்டி ஒரு பெயரை மட்டும் தேடிப் பார், சில வரிகள்தான் வரும்: கேள்வி, பதில். அதைத் தினமும் ஒருமுறை, எல்லாம் நன்றாக இருக்கும்போதே பார்த்து வை. நல்ல நாளில் எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்குக் கெட்ட நாளில் எது வித்தியாசம் என்று தெரியாது.

என் கதை சொல்கிறேன் என்றேன். இருபது வருடத்துக்கு முன்னால், இதே ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு இடத்துச் சர்வரை வேங்கிக்காலில் என் வீட்டிலிருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை தீபத்தன்று பிற்பகல், கேட்வே எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்து என்டரைத் தட்டினேன். திரை உறைந்தது. நான் உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டிவிட்டேன் என்று அந்த நொடியில் புரிந்தது. தீபத்தன்று ஊருக்குள் வண்டி எங்கே போகும்? நடந்தேன். வேலூர் சாலையிலிருந்து ஊரைக் கடந்து செங்கம் சாலை வரை, அத்தனை ஜனத்துக்குள். ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றினார்கள், சுற்றிலும் அரோகரா என்று ஊரே முழங்கியது, எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் தலை குனிந்து எந்த இலக்கத்தைத் தப்பாக அடித்தேன் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அந்த வருடத் தீபத்தை நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

அதனால் உனக்கு இதை மன்றாடியே கேட்கிறேன். தூரத்திலிருந்து நெட்வொர்க்கைத் தொடும்போது திரும்பி வரும் வழியை முதலில் கட்டிவிட்டுத் தொடு. உன் சர்வரில் நெட்பிளான் இருக்கிறது. 'நெட்பிளான் ட்ரை' என்று அடித்தால் மாற்றத்தைச் செய்துவிட்டு 120 நொடி காத்திருக்கும். நீ என்டர் தட்டி உறுதி சொல்லாவிட்டால் பழையபடி மாற்றிவிடும். தொடர்பு அறுந்தால் உன்னால் என்டர் தட்ட முடியாது, தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். கையால் 'ஐபி ரூட்' கொடுத்து மாற்றுவதாக இருந்தால், பத்து நிமிடத்தில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்படி முதலில் சொல்லிவிட்டு மாற்று. அப்படிச் சேர்த்த ரூட் ரீஸ்டார்ட்டில் போய்விடும். சரியாக இருந்தால் ரீஸ்டார்ட்டை ரத்து செய்துகொள். மாற்றுவதற்கு முன் 'ஐபி ரூட்', 'ஐபி அட்ரஸ்', ரிசால்வ்சிடிஎல் மூன்றின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் போட்டு வை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை நேரத்தோடு எழுது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டே போதும். அன்று அந்த நோட்டு இருந்திருந்தால் இரண்டு மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும்.

தனியாக இருக்கிறோம் என்று நினைக்காதே. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. போய் உட்கார்ந்து கேள். 'கணியம்' 2012-இலிருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. ஆங்கிலம் சரளமாக வராததால் இந்த வேலைக்கு நான் லாயக்கா என்று அன்று கேட்டாய். பதிவில் உள்ள பிழைச் செய்தியை எழுத்துக்கூட்டியாவது முழுசாகப் படிக்கிறாய், அரைகுறையாகப் புரிந்தால் என்னிடம் கேட்கிறாய். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தும் அதைப் படிக்காமலே ரீஸ்டார்ட் செய்கிறவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறேன், விடுதியில் ஆட்கள் எழுந்திருப்பதற்கு முன். சிம் ரவுட்டரின் எண்ணை 192.168.2.1 ஆக்குவோம், ஹோஸ்ட்ஸ் கோப்பின் பதினோராவது வரியை எடுப்போம், ரிசால்வ் டாட் கான்ஃப் சுட்டியைத் திரும்ப வைப்போம். எல்லாவற்றையும் நீதான் அடிக்கப் போகிறாய், நான் பக்கத்தில் இருப்பேன். மாடிப்படி அறையில் ஒரு பழைய கீபோர்டும் மானிட்டரும் வாங்கி வை, செகண்ட் ஹேண்ட் போதும். பிறகு ஃபைபர் கேபிளை ரவுட்டரின் பின்னாலிருந்து நீயே பிடுங்கு. சர்வர் என்ன செய்கிறது என்று டிசிபிடம்பில் சேர்ந்து பார்ப்போம். நோட்டு வாங்கிவிட்டாயா?

அன்புடன்,
உன் அண்ணன்